பெட்டி இப்போது யார் கையில்? பார்சல் கடையோடு மல்லுக்கட்டும் ஒருவருக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். லண்டனில் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. பட்டுப் பாவாடை, இரண்டு சேலை, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, கொஞ்சம் பலகாரம் எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி, திருகோணமலை நகரத்தில் உள்ள ஒரு பார்சல் கடையில் கொடுத்தாராம். வீட்டுத் தராசில் 7 கிலோ. கடையில் பதினொன்றரைக் கிலோவுக்குக் காசு வாங்கினார்கள். "ஏழு நாளில் கையில் கிடைக்கும்" என்றார்கள். இன்றைக்கு 26 நாள். தொலைபேசி அடித்து ஓய்கிறது. நேரில் போனால் "வரும் அக்கா, வரும்". போன கிழமை மூன்றாம் தடவை போனபோது, மேசையில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமலே "உங்கட பெட்டி மட்டுமா எங்களிட்ட இருக்கு?" என்று கேட்டதாம். இவர்களை என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

நான் கொழும்பில் சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் பதினொரு வருடம் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவன். இப்போது ஊரோடு. அதனால் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியும்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று, அந்தப் பிள்ளை பேசிய விதம். மற்றது, பெட்டி. முதலாவதற்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது. கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலாவதைப் பற்றிக் கத்திவிட்டு வருகிறார்கள். முதலாளிக்கும் அது வசதி. "பிள்ளை புதுசு, மனதில வைக்காதேங்கோ" என்று ஒரு சொல் சொன்னால் கதை முடிந்துவிடும். பெட்டி எங்கே என்ற கேள்வியை யாரும் கேட்காமலே எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்று. அந்தப் பிள்ளைக்குப் பெட்டி எங்கே என்று பெரும்பாலும் தெரியாது. சாக்குக்குச் சொல்லவில்லை, தொழில் நடக்கிற விதமே அப்படி. நம்மூரில் இருக்கும் சின்னப் பார்சல் கடைகள் பலவும் முகவர்கள்தான். நீங்கள் கொடுத்த பெட்டி முதலில் கடைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போகும். அப்படியொரு அறையை ஒருமுறை பார்த்தால் ஏழு நாள் கணக்கை நம்ப மாட்டீர்கள். வெங்காய மூட்டை அடுக்குவதுபோல் பெட்டிகள். மார்க்கர் பேனையால் "லண்டன்", "கனடா", "சுவிஸ்" என்று எழுதியிருக்கும். கீழே ஒரு பெட்டியின் மூலையில் ஊறுகாய் எண்ணெய் கசிந்து, பக்கத்துப் பெட்டியின் அட்டையைத் தின்றுகொண்டிருக்கும். ஒரு லோட் சேரும்வரை எல்லாம் அங்கேதான். சேர்ந்ததும் வானிலோ லொறியிலோ கொழும்புக்கு. அங்கே பெரிய முகவர் திரும்ப நிறுத்து, பல பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பத்திரத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்புவார். அதன் பிறகு விமானக் கம்பனி. லண்டனில் இறங்கியதும் வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னொரு கம்பனி. ஒரு பெட்டி, நாலைந்து கை. "ஏழு நாள்" என்று உங்களிடம் சொன்னது அநேகமாகக் கொழும்பில் விமானம் ஏறிய நாளிலிருந்து எண்ணும் ஏழு நாள். அதைச் சொல்லாமல் விட்டது கடையின் பிழை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகம் மெச்சுகிற இயற்கைத் துறைமுகம் எங்கள் வாசலில் கிடக்கிறது. கோதுமையும் எண்ணெயும் சீமெந்துக்கான கிளிங்கரும் அதில் வந்திறங்குகின்றன. ஆனால் கப்பலில் பெட்டி அனுப்ப நினைக்கிற திருகோணமலைக்காரர், பெட்டியை ஏ6 வீதியால் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்கு அனுப்பித்தான் கப்பலேற்ற வேண்டும்.

சரி, காரியத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருக்கும் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள எண் எது? அச்சடித்த புத்தகத்தில் வரும் நாலு இலக்க வரிசை எண் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது கடையின் கணக்குக்கான எண். அதை வைத்து உலகத்தில் எங்கேயும் பெட்டியைத் தேட முடியாது. உங்களுக்குத் தேவை, பெட்டியைக் கொண்டுபோகிறவர் போட்ட எண். தபால் வழியாகப் போயிருந்தால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கைக்கான எல், கே என்ற இரண்டு எழுத்து, ஆகப் பதின்மூன்று இருக்கும். விமானச் சரக்குப் பத்திர எண் என்றால் பதினொரு இலக்கம். அதில் முதல் மூன்றும் விமானக் கம்பனியைக் காட்டும். 603 என்று தொடங்கினால் ஸ்ரீலங்கன் விமானம். பெரிய கூரியர் கம்பனிகளின் எண் பெரும்பாலும் வெறும் இலக்கங்களாக இருக்கும்.

ஆகவே அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "பெட்டி எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "வரும்" என்பதுதான் பதில். "எந்தக் கம்பனியிட்டக் குடுத்தனீங்கள்? எந்தத் திகதி? அவையின்ர நம்பர் என்ன?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் "வரும்" என்று பதில் சொல்ல முடியாது. சொல்லத் தயங்கினால் பெட்டி இன்னும் அந்தப் பின்னறையிலோ கொழும்புக் களஞ்சியத்திலோ கிடக்க வாய்ப்பு அதிகம்.

எண் கிடைத்து இணையத்தில் போட்டுப் பார்க்கும்போதும் ஏமாறக்கூடாது. "விவரம் பெறப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் தெரிந்தால், யாரோ கணினியில் லேபல் அடித்திருக்கிறார் என்று மட்டுமே அர்த்தம். பெட்டியைக் கையில் வாங்கி ஸ்கான் செய்ததாக அடுத்த வரி வர வேண்டும். லேபல் அடித்து மூன்று கிழமை நகராமல் கிடந்த பெட்டிகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவே லேபலை முதலே அடித்து வைக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு.

நிறை விஷயத்தில் நான் கடையின் பக்கம். கோபிக்க வேண்டாம். விமானத்தில் போகும் பெட்டிக்கு இரண்டு நிறை. தராசு காட்டுவது ஒன்று, பெட்டி அடைக்கிற இடத்துக்குக் கணக்குப் பார்ப்பது மற்றது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது கூரியர்காரர்களின் வழக்கம். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. உங்கள் பெட்டி 50 நீளம், 40 அகலம், 28 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 56,000. வகுத்தால் 11.2. அரைக் கிலோவுக்கு ஏற்றினால் பதினொன்றரை. உங்களிடம் வாங்கியதும் அதுதான். பட்டுப் பாவாடையைக் கசங்காமல் வைப்பதற்காகப் பெரிய பெட்டி எடுத்திருப்பீர்கள், நாலரைக் கிலோ காற்றுக்கும் காசு கட்டியிருக்கிறீர்கள். ஆனால் இதைக் கட்டணம் வாங்க முன்னமே ஒரு அளவுநாடாவை வைத்துக் காட்டியிருந்தால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அரை நிமிட வேலை.

தராசைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியை ஏற்ற முன்னர் வெறும் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். வியாபாரத் தராசுகளைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்து முத்திரையிட அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. மரக்கறிக் கடையில் முத்திரை தேடுகிற நாங்கள் பார்சல் கடையில் தேடுவதே இல்லை.

பெட்டி லண்டனில் சுங்கத்தில் நிற்கிறது என்று தெரியவந்தால் கதை வேறு. அப்போது கடைக்காரரின் வாயை விட அவர் எழுதிய படிவம்தான் முக்கியம். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும்: பட்டுப் பாவாடை 1, சேலை 2, மிளகாய்த்தூள் இத்தனை கிலோ, பெறுமதி இவ்வளவு. வெறுமனே "அன்பளிப்பு" என்றோ "வீட்டுச் சாமான்" என்றோ எழுதினால் அங்கே ஒருவர் திறந்துதான் பார்ப்பார். பிரித்தானியாவில் தனி ஒருவர் தனி ஒருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண் வரை வற் வரி இல்லாமல் போகலாம். 135 பவுணைத் தாண்டினால் சுங்கத் தீர்வையும் சேரும். இரண்டு சேலையும் பட்டுப் பாவாடையும் 39 பவுணுக்குள் அடங்காது என்பது உங்களுக்கே தெரியும். இங்கேதான் கடைகள் ஒரு வேலை செய்கின்றன: அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் தங்கள் கம்பனியின் பெயரைப் போட்டுவிடும். கம்பனி அனுப்பினால் அது தனி ஒருவரின் அன்பளிப்பாகாது. அக்காவுக்கு வரிக் கடிதம் போயிருக்கிறதா, போய் அது திறக்காமல் மேசையில் கிடக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். பலகாரத்தோடு வீட்டு நெய் ஒரு போத்தலும் வைத்தீர்களா? இறைச்சிக்கும் பாற்பொருளுக்கும் அங்கே தடை இருக்கிறது, அந்த ஒரு போத்தலுக்காகப் பெட்டி முழுவதும் மறிபடலாம்.

இவ்வளவும் தெரிந்த எனக்கே நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் சுவிஸில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு அனுப்பினேன். பழைய விளக்கு, அம்மாவுடையது. நகரத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம். வைக்கோல் வைத்துக் கட்டச் சொன்னேன், "நாங்கள் பார்த்துக்கொள்ளுறம் அண்ணை" என்றார்கள். போய்ச் சேர்ந்தபோது மேல் தட்டு ஒரு பக்கம் மடிந்து, தண்டு சாய்ந்திருந்தது. கடைக்குப் போனேன். "நீங்கள் தரேக்கையே அப்பிடித்தானே இருந்தது" என்றார்கள். மறுப்பதற்கு என்னிடம் ஒரு படம் இல்லை. பதினொரு வருடம் மற்றவர்களுக்குப் படம் எடுக்கச் சொன்னவன் நான். அதைவிட மோசம், மச்சான் பெட்டியைத் திறக்காமலே "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்து வைத்திருந்தார். விமானச் சரக்குக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தாமதத்தால் நட்டம் என்றால் 21 நாள். தங்கச்சி எனக்குச் சொல்லவே இருபது நாள் ஆயிற்று, நான் மனவருத்தப்படுவேன் என்று நினைத்தாளாம். ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அதே உடன்படிக்கைதான் நட்ட ஈட்டுக்கும் உச்சவரம்பு வைக்கிறது. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அது கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பனவு உரிமை. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, ஒன்று அமெரிக்க டொலர் ஒன்றை விடச் சற்றுக் கூட. பெட்டி விமானப் பயணத்தில் தொலைந்தது என்று வந்தால் உங்கள் ஏழு கிலோவுக்கு ஆகக்கூடியது 182 அலகு. சேலையின் உண்மை விலை அதைவிடக் கூடவென்றால், அனுப்பும்போதே பெறுமதியை அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். கடையில் "இன்சூரன்ஸ் வேணுமோ?" என்று கேட்பதே இல்லை. கேட்டாலும் நாங்கள் வேண்டாம் என்கிறோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வாய்ப் பேச்சை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். முதலில் வட்ஸ்அப்பில், பிறகு கடிதத்தில். இப்படி எழுதினால் போதும்:

"இன்ன திகதி, இன்ன இலக்கப் பற்றுச்சீட்டின்படி உங்களிடம் ஒரு பெட்டி ஒப்படைத்து இவ்வளவு ரூபாய் செலுத்தினேன். ஏழு நாளில் சேரும் என்று சொன்னீர்கள். இன்று 26 நாளாகியும் சேரவில்லை. பெட்டியை எந்த நிறுவனத்திடம், எந்தத் திகதியில், எந்த எண்ணில் ஒப்படைத்தீர்கள் என்பதை ஏழு நாளுக்குள் எழுத்தில் அறியத் தரவும். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்."

அவ்வளவுதான். "உங்களைப்போல் கள்ளர்", "என் பெறாமகளின் கண்ணீர்" ஒன்றும் வேண்டாம். அதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் கடிதத்தைப் படிக்கிற மூன்றாம் ஆளுக்கு அவை கண்ணை மறைக்கும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கொழும்பில் தலைமைக் கந்தோர் இருக்கிறது என்றால் அங்கேயும் ஒரு பிரதி. நகரத்துக் கடைக்கு வருகிற கடிதத்தைவிடக் கொழும்பிலிருந்து வருகிற ஒரு தொலைபேசி அழைப்புக்குத்தான் இங்கே பயம். கொழும்பு இலக்கத்துக்கு எடுத்தால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் பதில் வரும், தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால் சங்கீதம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகவே சொல்கிறேன், எழுத்துத்தான் நல்லது.

அதிகார சபை என்றேனே, பத்திரிகைகளில் நுகர்வோர் அதிகார சபை என்றும் எழுதுவார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பலர் அதை அரிசி விலைக்கும் காலாவதியான பிஸ்கட்டுக்கும் மட்டுமென்று நினைக்கிறார்கள். சேவைக்கும் அது பொருந்தும். சேவை தருகிறவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்வார் என்ற உத்தரவாதம், பற்றுச்சீட்டில் எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. பொய்யான வாக்கைக் கொடுத்து வியாபாரம் செய்வதும் குற்றம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் 26 ஆம் நாளில் நிற்கிறீர்கள், காலம் இருக்கிறது. ஆனால் "வரும் அக்கா" என்ற சொல்லை நம்பி மூன்று மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் எத்தனையோ பேர். அவசரத் தொலைபேசி 1977. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகளின் படம், பதிவுத் தபால் துண்டு மூன்றின் பிரதியையும் இணைத்தால் போதும்.

பணத் தகராறாக இழுபட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே சட்டத்தரணி வந்து பேச முடியாது, நீங்களும் கடைக்காரரும் நேருக்கு நேர். என் அனுபவத்தில், கவுண்டரில் எகிறிக் குதிக்கிற முதலாளிமார் அந்த வாங்கில் வந்து இருந்ததும் ஆளே மாறிவிடுவார்கள். பொலிசுக்கு இப்போதே போக வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார், பத்துப் பேரின் காசும் போய்விட்டது என்றால் அப்போது போகலாம்.

அடுத்த பெட்டிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சின்னப் பெட்டி, அவசரமில்லை என்றால் நான் தபால் கந்தோரைத்தான் சொல்வேன். அங்கேயும் சிரித்த முகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எல், கே என்று முடியும் எண் கையில் கிடைக்கும். சேரவில்லை என்றால் அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணைப் படிவம் கொடுக்கலாம், உலகத் தபால் ஒன்றியத்தின் விதி அது. உள்ளூர்க் கதை வேறு. வெள்ளவத்தைக்கு ஒரு பை மாம்பழம் அனுப்ப இன்றைக்கும் எங்கள் ஆட்கள் இரவு பஸ் சாரதியிடம்தான் கொடுக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லை, எண் இல்லை. பையின் வாயில் பேனையால் ஒரு தொலைபேசி இலக்கம், சாரதியின் கையில் கொஞ்சக் காசு. விடியப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே கைதானே, தவறினாலும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

சாமத்திய வீட்டுத் திகதி எப்போதென்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு கிழமைக்குள் என்றால் அக்காவிடம் அங்கேயே ஒரு பாவாடை பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அதற்காகப் பெட்டியைக் கைவிட வேண்டாம். இன்றைக்கே பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த மூன்று கேள்வியையும் வட்ஸ்அப்பில் போடுங்கள். நாளை மறுநாளும் பதில் இல்லையென்றால் கடிதம். படத்தை எனக்கும் அனுப்பினால், எண் எந்தக் கம்பனியுடையது என்று பார்த்துச் சொல்கிறேன்.